கடைசிக் கட்டத்தில் கைத்தடி இல்லை

கண்ணு,

போன செவ்வாய்க்கிழமை போனில் நீ கேட்டாயே, "அப்பா, அந்தப் புத்தகம் உங்ககிட்ட இருந்தப்ப கடைசிப் பக்கம் இருந்துதா?" என்று. "கடைசி வரைக்கும் நான் எங்கடா படிச்சேன், எனக்கேது நேரம்" என்று பதில் சொன்னேன். அது பொய். கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன். எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்தப் பக்கம் இப்போது நம் கடை மேசையின் அடி டிராயரில், இரண்டு பழைய காலண்டர் அட்டைகளுக்கு நடுவில், மடங்காமல் கசங்காமல் இருக்கிறது. அரை பிளேடால் அதை அறுத்து எடுத்தவன் நான்தான். உன் மாமனாருக்கு மறதி ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை அவரைத் தர்மபுரிக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். இந்த முதல் பக்கத்தை அவருக்கும் மருமகள் சத்யாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிடு. மற்ற பக்கங்கள் உனக்கு மட்டும்.

இதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் உன் குரல் கேட்டால் எனக்குப் பொய்தான் முந்திக்கொண்டு வருகிறது, அதுவும் நீ லீவில் அங்கே போயிருக்கும்போது, பின்னால் உன் மாமனார் இருமுகிற சத்தம் கேட்டால் கேட்கவே வேண்டாம். பேனா பிடித்து உட்கார்ந்தால் கொஞ்சம் யோக்கியனாகிவிடுகிறேன். காலையில் கடை திறந்ததும் எழுத ஆரம்பித்தேன். நடுவில் மூன்று பேருக்குப் பருப்பு நிறுத்துக் கொடுத்தேன், ஒருவருக்குத் துவரைக்குப் பதில் கடலைப்பருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். இன்றைக்கு என் நிலைமை அப்படி இருக்கிறது.

எதற்காகச் செய்தேன் என்று கேட்பாய். பொறாமை. வேறு நல்ல பெயர் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை. உன் அம்மா இதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டாள். உன் நிச்சயதார்த்தம் முடிந்து பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, நான் ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அவள் பக்கத்தில் பூவை மடியில் வைத்துக்கொண்டு, "என்னாங்க, வயிறு எரியுதா? மோர் குடிக்கிறீங்களா?" என்றாள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். "சாப்பாடு இல்லீங்க, சம்பந்திதான் ஒத்துக்கல" என்றாள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நான் அடுக்கிச் சொல்கிறேன், கேள். உன் போன் ஸ்டேட்டஸில் உன் மாமனாரோடு எடுத்த படம் நான்கு தடவை வந்தது. என்னோடு எடுத்தது ஒன்று, அதிலும் என் தலை பாதிதான் இருந்தது. நம் வீட்டில் கேழ்வரகுக் களி கிண்டினால் "வயித்து வலி" என்று ஓடி ஒளிகிற பிள்ளை நீ. பென்னாகரத்தில் களி, கீரைக் கடைசல் எல்லாம் அமிர்தம் என்று உன் அம்மாவிடமே சொல்கிறாய். கேழ்வரகு அங்கே ஒன்று, இங்கே ஒன்றா? பிறகு அந்த மாற்றல். பேங்கில் எழுதிக் கொடுத்துப் பென்னாகரம் கிளைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு, அடுத்த மாதம் அவர் வீட்டு மாடியில் குடியேறப் போகிறாய். அதைக்கூட உன் அம்மாவிடம் சொன்னாய், அவள் என்னிடம் சொன்னாள். "அவனுக்கு ஆபீஸ் பக்கம், அவளுக்கு அவங்கப்பா பக்கம், அதுல உங்களுக்கு என்னா?" என்று கேட்டாள். என் பிள்ளையை ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் படக்கதை காட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று எப்படிச் சொல்வது?

ஆமாம், படக்கதைதான். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. உனக்கு ஏழு வயது. கடத்தூரில் ஒரு பெரிய வீட்டில் பரணைக் காலி செய்து, கட்டுக்கட்டாகப் பழைய பேப்பரைப் பொட்டலம் கட்ட நம் கடைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். எல்லாம் பல வருடத்துப் பேப்பர், மஞ்சளாகி, ஓரமெல்லாம் எலி கடித்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த நீ அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து ஒரு தாளைப் பிரித்தாய். கீழ் ஓரத்தில் மூன்று கட்டங்களில் ஒரு படக்கதை இருந்தது. "குதிரைக்காரன் கொற்றன்." மூக்கு நீண்ட ஒரு இளைஞன், கழுதையா குதிரையா என்று சந்தேகப்படும்படி ஒரு குதிரை. வரைந்தவர் மனிதர்களை நன்றாக வரைந்தார், குதிரைதான் அவருக்குக் கடைசி வரைக்கும் வரவில்லை. ஆனால் நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். கடை வாசலில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. அன்று சாயங்காலமே இரண்டு பேரும் உட்கார்ந்து கட்டு முழுவதும் தேடி, கிடைத்த கொற்றனையெல்லாம் கத்தரித்து எடுத்தோம். நாற்பதுக்குமேல் தேறியது.

அங்கேதான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தோம். படத்தைக் கத்தரித்துக்கொண்டு மிச்சத் தாளில் அடுத்த நாள் காலையிலேயே சீரகமும் மிளகும் கட்டிக் கொடுத்துவிட்டேன். தேதி தாளின் தலையில் அல்லவா இருக்கிறது! ஒரு வாரம் கழித்து ஒட்டுவதற்காக உட்கார்ந்தபோதுதான் எது முந்தி எது பிந்தி என்று தெரியாமல் விழித்தோம். அந்தப் பேப்பர்க்காரர்கள் படக்கதைக்கு எண்ணும் போடவில்லை. கொற்றனின் தேதியெல்லாம் ஊரார் வீட்டுச் சீரகத்தோடு போய்விட்டது. "போய் வாங்கிட்டு வரலாம்ப்பா" என்றாய். சீரகம் வாங்கினவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பொட்டலத்தாளைத் திருப்பிக் கேட்கலாம் என்று நிஜமாகவே கிளம்பினாய். உன்னைப் பிடித்து உட்கார வைத்து, "நாமளே வரிசை வெச்சிக்கலாம்" என்று சொன்னேன். அந்த ஒரு மாதம் போல நான் சந்தோஷமாக இருந்தது எப்போதும் இல்லை. புலியோடு சண்டை முன்னாலா, பாம்புக் குகை முன்னாலா? கொற்றன் கையில் காயம் இருந்தால் புலி முடிந்துவிட்டது என்று நீதான் கண்டுபிடித்தாய். இடையில் எலி தின்ற நாட்களுக்கு நான் கதை கட்டினேன். கோடு போட்ட நீள நோட்டில், மைதாப் பசை காய்ச்சி, ஒவ்வொன்றாக ஒட்டினோம்.

கடைசிப் பக்கத்தில் எதை ஒட்டினோம் என்று உனக்கு மறந்திருக்காது. முதல் கட்டத்தில் ஓட்டு வீடு, உள்ளே கிழவர் உட்கார்ந்திருக்கிறார், கொற்றனின் அப்பா. இரண்டாவதில் கொற்றன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோளில் மூட்டையோடு, கதவில் கை வைத்து நிற்கிறான். பலூனுக்குள், "வருகிறேன், அப்பா!" மூன்றாவதில் வாசலில் நிற்கிற அந்தக் கழுதைக் குதிரை. நான் குரலை உயர்த்தி "வருகிறேன், அப்பா!" என்று படிப்பேன், நீ கை தட்டுவாய். கொற்றன் காடு மலையெல்லாம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான், சுபம். ஒன்பது வயதில் ஒரு நாள் நீ நோட்டைப் பார்த்துக்கொண்டே, "குதிரை ரோட்டப் பாத்துதானப்பா நிக்குது, அவன் கெளம்பறான்ப்பா" என்று சொன்னாய். "பேசாம கேளுடா, கதை சொல்றது நானா நீயா?" என்று அதட்டினேன். நீ சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. வரிசை தப்பு. பசை காய்ந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த நோட்டைப் படிக்கச் சொல்லி நீ கேட்டதாக ஞாபகம் இல்லை. பிள்ளை ஒன்றைச் சரியாகப் பார்த்துச் சொன்னால், "ஆமாண்டா கண்ணு" என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். உனக்குப் பிள்ளை பிறந்தால் அந்த ஒரு நொடியைக் கஞ்சத்தனம் பண்ணாதே.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்குமேல் ஓடிவிட்டது. உன் நிச்சயதார்த்தம். பந்தி ஆரம்பிக்கிற நேரம். உன் மாமனார் பீரோவிலிருந்து சிவப்பு காலிகோ துணியில் அட்டை போட்ட ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மாப்ளைக்குப் படக்கதை புடிக்குமாமே, சத்யா சொல்லுச்சி." பிரித்தார். கொற்றன்! வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலை முதல் ட்ரிப்பில் பேப்பர் கட்டு ஏற்றிக்கொண்டு வரும்போதே ஒன்று வாங்கி, அன்றன்றைக்கே கத்தரித்து, சிவப்பு மையில் எண் போட்டு, ஒரு நாள் விடாமல் ஒட்டி வைத்திருந்தார். எலி கடிக்காத கொற்றன். சீரக வாசனை இல்லாத கொற்றன். நீ "அப்பா! இங்க பாருங்க, கொற்றன்!" என்று கூவினாய். அந்த ஒரு தடவைதான் என்னைக் கூப்பிட்டாய். பிறகு அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய்.

நானும் எட்டிப் பார்த்தேன். அவர் லென்ஸ் வைத்துப் படிக்கிறார். விரலை நாக்கில் தொட்டு, டிக்கெட் கிழிக்கிற மாதிரி பக்கம் புரட்டுகிறார். "வருகிறேன், அப்பா!" வந்தது, மூன்றாவது பக்கத்திலேயே. "அதுதான் மாமா கடைசி" என்று நீ சொன்னாய். அவர் சிரித்தார். "கடைசி எங்கீங்க மாப்ள, இதுதான் மொத வாரம். மூட்டையப் பாருங்க. இருவத்தெட்டு வருசம் மூட்டைக்கு லக்கேஜ் போட்டவன் நானு. வூடு திரும்பறவன் மூட்டை தொங்கும். வூட்ட உட்டுக் கெளம்பறவன் மூட்டை உப்பி நிக்கும், கட்டுச்சோறு இருக்குதில்ல உள்ள!"

"அப்ப வரேன்னு சொல்றானே?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வரேன்னா என்னாங்க சம்பந்தி? போறேன்னுதானுங்களே அர்த்தம்!"

கூடம் முழுக்கச் சிரித்தது. நம் ஊரில் சாவு வீட்டைத் தவிர வேறு எங்கேயும் "வரேன்" என்று சொல்லாமல் யாரும் படி இறங்க மாட்டார்கள், இது எனக்குத் தெரியாதா? தினமும் நூறு பேர் என் கடையிலிருந்து "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நீ சொன்னாயே, "எங்கப்பா எனக்குக் கதைய தலைகீழா சொல்லியே வளத்துட்டாரு மாமா" என்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு, அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனாலும் ஒன்று சொல்லி வைக்கிறேன், பெற்றவன் தப்பை அடுத்த வீட்டில் சொல்லிச் சிரிப்பதானால், அவன் பந்தியில் உட்கார்ந்த பிறகு, காது கேட்காத தூரத்தில் சொல். நான் அன்று தனியாகப் போய் இலையில் உட்கார்ந்தேன். வடையா அப்பளமா என்று தெரியாமல் சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் இரண்டு பேரும் கடைசிப் பக்கத்தில் இருந்தீர்கள். நான் அதுவரை பார்க்காத பக்கம். மூன்று கட்டத்திலும் பேச்சே இல்லை. அதே ஓட்டு வீடு, பூட்டிய கதவு, ஆளில்லாத வாசல், ஓரத்தில் "முற்றும்." உன் மாமனார் குரலைத் தாழ்த்தி, "அப்பன் போய்ச் சேந்துட்டான். இவன் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சி. இதப் பாக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேக்காதுங்க மாப்ள" என்றார். உன் கண் கலங்கியது. அவர் உன் தோளில் கை வைத்தார். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் நீ கணக்கில் பெயிலானபோதுகூட என் முன்னால் அழாமல் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் அழுத பிள்ளை நீ. எனக்கு அங்கேயே அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில் போடவேண்டும் என்று தோன்றியது. பிடுங்கவில்லை. சிரித்த முகத்தோடு, "படிச்சிட்டுத் தரேன், ஒரு வாரம் குடுங்க சம்பந்தி" என்று கேட்டேன். மஞ்சள் பையில் போட்டு, மழை பட்டால் நனையும் என்று மேலே ஒரு துண்டும் சுற்றிக் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனிதர் பார். அதுவும் எனக்கு எரிந்தது.

கடைக்குக் கொண்டுவந்து, மத்தியானம் ஆள் வராத நேரத்தில் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அவர் எங்கேயாவது ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கமாட்டாரா, ஒரு நாள் விட்டிருக்கமாட்டாரா என்றுதான் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. நான் கட்டிய கதை ஒவ்வொன்றும் தப்பு. பாம்புக் குகையில் கொற்றனைக் காப்பாற்றியது குறத்தி என்று உனக்குச் சொன்னேன், அங்கே குறத்தியே இல்லை, அவன் தானாகவே வெளியே வருகிறான். இப்படிப் பார்த்துக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். பார்த்தவுடன் என்னவோ குறைகிறது என்று தோன்றியது. கடைக்காரன் கண் அது. டப்பா இருந்த இடத்தில் இல்லை என்றால் எனக்கு உடனே உறுத்தும். திரும்பப் போய் அந்த வீடு வருகிற பக்கங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வாசல் தூணில் கிழவரின் கைத்தடி சாய்ந்திருக்கிறது. படியோரம் செருப்பு இருக்கிறது. அவர் உள்ளே படுத்திருக்கும்போதும் இருக்கிறது. பேச்சு எங்கேயோ நடக்கும், யாரும் கவனிக்காத மூலையில் ஓவியர் மறக்காமல் அந்தத் தடிக்கு ஒரு கோடு இழுத்திருப்பார். கடைசிக் கட்டத்தில் தடி இல்லை. செருப்பு இல்லை. தண்ணீர்க் குடம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. செத்தவன் செருப்பு மாட்டிக்கொண்டு தடியை எடுத்துக்கொண்டா போவான்? குடத்தைக் கவிழ்த்துவிட்டுக் கதவைப் பூட்டுகிறவன் ஊருக்குக் கிளம்புகிறவன். கிழவர் சாகவில்லை, கண்ணு. பிள்ளை வருவான் வருவான் என்று பார்த்துவிட்டு, அவரே தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். நாற்பது வருடம் லென்ஸ் வைத்துப் பார்த்த மனிதருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது! உனக்குப் போன் போட்டுச் சொல்ல எண்களைக்கூட அழுத்தினேன். அப்போது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. நான் சொன்னால் நீ உடனே அவரிடம் சொல்வாய். அவர் லென்ஸை எடுத்துக்கொண்டு, "அட ஆமாங்க மாப்ள!" என்பார். மறுபடியும் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பீர்கள். நான் கடத்தூரில் மிளகாய் நிறுத்துக்கொண்டிருப்பேன். இது என்னுடையது, இதையும் அவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று மனது பிடிவாதம் பிடித்தது. மூட்டைத் தையல் பிரிக்கிற அரை பிளேடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. புத்தகத் தையலை ஒட்டி, தெரியாத மாதிரி அறுத்தேன். அறுத்த பிறகுதான் புத்தி வந்தது. தாள் கையில் இருக்கிறவரைக்கும் நான் கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் "எதைப் பார்த்துச் சொல்றீங்க?" என்று கேட்பார்களே! ஜெயித்தவன் நான், வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டியவனும் நான். மூடிக்கொண்டே புத்தகத்தை, அதே துண்டு சுற்றி, உன் கல்யாணத்துக்கு முன் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்கு மட்டும் ஏன் தெரிந்தது என்று நானே யோசித்துப் பார்த்தேன். கடைக்காரன் கண் என்று மேலே எழுதினேன், அது பாதிதான். என் அப்பாவோடு நிலத் தகராறில் சண்டை போட்டுக்கொண்டுதான் தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து கடத்தூருக்கு வந்து கடை வைத்தேன் என்பது உனக்குத் தெரியும். கிளம்பும்போது "வரேன்" என்று வாயால் சொன்னேன். போகவில்லை. நீ பிறப்பதற்கு முந்தின வருடம், ஒரு சந்தை நாளில் தலையை நிமிர்த்தினால், எதிரே சைக்கிள் கடை ஓரத்தில் அவர் தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். கடையில் கூட்டம். சந்தைக்கு வந்திருப்பார், வேலை முடித்துக்கொண்டு வரட்டும், வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று தராசைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். மறுபடி பார்த்தபோது ஆள் இல்லை. சில மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் படத்தில் பூட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குச் சந்தையில் வாங்கவும் ஒன்றும் இல்லை, விற்கவும் ஒன்றும் இல்லை. என் அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். கதவைப் பூட்டிக்கொண்டுதான் வந்திருப்பார், என்னைப் பார்க்க. "வருகிறேன், அப்பா" என்பதை உன் நோட்டில் கடைசியாக ஒட்டியது ஏன் என்று இப்போது உனக்கும் தெரிந்திருக்கும்.

பொங்கல் கழித்து உன் மாமனார் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். பக்கம் இல்லை. "யாருக்கோ காட்டறதுக்கு எடுத்து எங்கியோ உட்டுட்டேன், எனக்கு ஞாபகம் நிக்கல" என்று அவரே பழியை ஏற்றுக்கொண்டு பீரோவைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று சத்யா போனில் உன் அம்மாவிடம் அழுதது. அடுப்பை அணைத்தோமா என்று நாலு தடவை எழுந்து போய்ப் பார்க்கிறாராம். அதற்குத்தான் டாக்டர். இரண்டு நாளாக எனக்கு ஒரே சந்தேகம். டிக்கெட் எடுக்காதவன் முகத்தைப் பார்த்தே பிடிக்கிற கண்டக்டர், என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கமாட்டாரா? தெரிந்தே என்னைக் காட்டிக்கொடுக்காமல் மறதி என்று நடிக்கிறாரா? அப்படியானால் பெருந்தன்மையிலும் அவரே ஜெயிக்கவேண்டுமா? இல்லை, நிஜமாகவே தன் மூளைமேல் சந்தேகப்பட்டுப் பயந்துபோய் இருக்கிறாரா? இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று உன் அம்மா சில்லறை தேடி அடி டிராயரைத் திறந்துவிட்டாள். அட்டையைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு, "அந்த மனுசன் பைத்தியம் புடிச்ச மாதிரி வூடு பூரா தேடறாராம். நீங்க அத்த இங்க வெச்சிக்கிட்டு மொளகா நிறுக்கறீங்க" என்றாள். நான் கைத்தடியைப் பற்றிச் சொன்னேன். குடம், செருப்பு, எல்லாம் சொன்னேன். அவள் லென்ஸ் இல்லாமலே குனிந்து பார்த்தாள். "சரியாத்தான் சொல்றீங்க" என்றாள். அதைக் கேட்டு ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உடனே, "இவ்ளோ தெரிஞ்ச ஆளு, கெழவன் என்னா பண்ணான்னு பாத்த ஆளு, இங்கியே குந்திக்கிட்டு இருக்கறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்டாள். கடையை அரை மணி முன்னாலேயே சாத்தினேன்.

ஆக, இதுதான் கண்ணு. அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைக்கவில்லை. தபாலில் மடங்கிவிடும். அது மட்டும் இல்லை, அறுத்த கையாலேயே கொடுக்கவேண்டும். உன் மாமனார் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் இருந்துகொள், உனக்கு உரிமை உண்டு. நீ மாடியில் குடியேறுவதில் எனக்கு இன்னும் எரிச்சல்தான், அதையும் மறைக்கவில்லை. எண் போட்டு ஒட்டியது அவர் வரிசை, ஆனால் நம் நோட்டு வரிசைதான் எனக்குப் பிடிக்கும், அதை அவர் முன்னாலேயே சொல்வேன். ஒரே ஒரு உதவி செய். கைத்தடி விஷயத்தை நீ முந்திக்கொண்டு அவரிடம் சொல்லிவிடாதே. அவர் லென்ஸ் பிடித்துக்கொள்ளட்டும், நான் விரல் வைத்துக் காட்டுகிறேன். அந்த ஒன்றை மட்டும் எனக்கு விட்டுவிடு.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் தர்மபுரி, அங்கிருந்து பென்னாகரம். உன் அம்மாவும் கூட வருகிறாள். இப்போதே குடத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். அன்று நீ ஏதாவது நினைத்துக்கொண்டு இந்தப் பக்கம் கிளம்பி வந்துவிடாதே. வீடு பூட்டியிருக்கும். வாசலில் என் செருப்பு இருக்காது.

வருகிறேன்,
அப்பா